சர்ச்சைக்குரிய வழிபாட்டிடமும் ஊர் அமைதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரு மதத்தார் உரிமை கோரும் ஓர் இடம் ஊரில் இருந்தால், அங்கு வாழ்கிறவர்களின் மனத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எந்தத் தரப்பின் உரிமை நியாயமானது என்ற வாதத்துக்கு இந்தப் பக்கம் போகவில்லை. வழக்கு நடக்கும் இருபது முப்பது ஆண்டுகளிலும், தீர்ப்பு வந்த மறுநாள் காலையிலும், இரு தரப்பாரும் அதே தெருக்களில்தான் நடக்கப் போகிறார்கள். அந்த நாட்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் இந்தியாவிலிருந்து வருகின்றன. பாடம் இருக்கும் இடங்களில் ஜெருசலேமையும் லாகூரையும் தொட்டிருக்கிறேன்.

ஓர் இடம் எப்படிச் சர்ச்சைக்குரிய இடமாகிறது? பழைய வரலாறுதானே காரணம்?

வரலாறு விறகு மட்டும்தான். தீ வைப்பது பெரும்பாலும் யாரோ சிலர், ஏதோ ஓர் இரவில்.

அயோத்தியில் 1855இல் மோதல் நடந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலேய நிர்வாகம் பாபர் மசூதி வளாகத்தில் கம்பித் தடுப்பு அமைத்தது. உள்ளே முஸ்லிம்கள் தொழுதார்கள், வெளிமுற்றத்தில் இந்துக்கள் வழிபட்டார்கள். 1885இல் மகந்த் (மடத் தலைவர்) ரகுபர் தாஸ் வெளிமுற்ற மேடையில் கோயில் கட்ட அனுமதி கேட்டு வழக்குப் போட்டார், அது தள்ளுபடியானது. 1934இல் கலவரம் வந்து கட்டடம் சேதமடைந்தது, பிறகு சீர்செய்யப்பட்டது. உரிமைக் கேள்வி தீராமலேயே, மனக்கசப்புடனேயே, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அந்த ஏற்பாடு ஓடியது. 1949 டிசம்பர் 22 இரவில் மசூதிக்குள் சிலைகள் வைக்கப்பட்டபோது அது முறிந்தது. கதவு பூட்டப்பட்டது, 1986இல் திறக்கப்பட்டது, 1992 டிசம்பர் 6 அன்று கட்டடமே இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து நாடெங்கும் மூண்ட கலவரங்களில் சுமார் 2,000 பேர் மாண்டார்கள்.

2019 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நிலத்தைக் கோயில் தரப்புக்கு வழங்கியது. ஆனால் அதே தீர்ப்பில், 1949இல் நடந்ததும் 1992இல் நடந்ததும் சட்டவிரோதம் என்று தெளிவாக எழுதியது. இதை இரு தரப்பாரும் மறக்கிறார்கள் என்பது எனக்கு உள்ள வருத்தம். வழக்கில் வென்ற தரப்பின் பெயரால் செய்யப்பட்ட செயல்களும் குற்றமாகவே பதிவாகியிருக்கின்றன.

நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

நிலம் யாருக்கு என்ற வழக்கு தீரும். மனம் தீர்வதற்கு வேறு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

உரிமையியல் நீதிமன்றம் ஆவணத்தைப் பார்க்கும், நீண்ட காலம் இடம் யார் வசம் இருந்தது என்ற அனுபவ பாத்தியத்தைப் பார்க்கும், வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பைப் பார்க்கும். ஒருவர் நம்பிக்கையின் ஆழத்தை அளக்கும் கருவி அதனிடம் கிடையாது. லாகூரின் ஷாஹித்கஞ்ச் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது 18ஆம் நூற்றாண்டில் எழுந்த மசூதி. பிறகு நெடுங்காலம் சீக்கியர் வசம் இருந்தது. 1935 ஜூலையில் கட்டடத்தைச் சீக்கியர்கள் இடித்தார்கள், நகரம் கொந்தளித்தது. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1940இல் காலவரம்பு, அனுபவம் ஆகியவற்றின் அடிப்படையில் முஸ்லிம் தரப்புக்கு எதிராக முடிந்தது. இதற்கு நடுவே, சட்டம் இயற்றியாவது இடத்தை மீட்க வேண்டும் என்ற முயற்சி பஞ்சாப் சட்டமன்றத்தில் எழுந்தது. அப்போது பஞ்சாபின் முதன்மை அமைச்சர் சிக்கந்தர் ஹயாத் கான், ஒரு முஸ்லிம். தன் சமுதாயத்தின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு அவர் அதற்கு உடன்படவில்லை. 1947இல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. அதற்குப் பிறகும் அந்த இடம் குருத்வாராவாகவே இருந்தது.

அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆட்சியும் எண்ணிக்கையும் தங்கள் பக்கம் திரும்பிய பிறகும் அதை மாற்ற அந்த நாடு முனையவில்லை என்பதைத்தான் நான் சுட்ட விரும்புகிறேன்.

'இருக்கிற நிலை அப்படியே தொடரட்டும்' என்பது பழைய அநீதிக்கு முத்திரை குத்துவது ஆகாதா?

நேர்மையான கேள்வி. சில நேரம் ஆம். அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு.

இயேசுவின் கல்லறை இருப்பதாகக் கிறித்தவர்கள் நம்பும் ஜெருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தில் கிரேக்க, அர்மீனிய, கத்தோலிக்க, காப்டிக், எத்தியோப்பிய, சிரிய மரபினர் ஆறு பேருக்கு உரிமை இருக்கிறது. 1852இல் உஸ்மானிய சுல்தான் பிறப்பித்த ஆணை, அன்று இருந்த நிலையை உறையவைத்தது. எந்தப் படியை யார் பெருக்குவது, எந்த விளக்கை யார் ஏற்றுவது என்பது வரை வழக்கம்தான் சட்டம். அங்கே ஒரு தூணைத் துடைப்பதும் ஒரு கூரையைச் சீர்செய்வதும் உரிமை கோருவதற்குச் சமம். அதனால்தான் வாசலுக்கு மேலே சன்னலோரம் சாத்திய ஒரு மர ஏணி தலைமுறை தலைமுறையாக அப்படியே நிற்கிறது. தேவாலயத்தின் சாவியை ஒரு முஸ்லிம் குடும்பம் வைத்திருக்கிறது, கதவைத் திறந்து மூடும் பொறுப்பு இன்னொரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது.

விலை என்னவென்றால், 1927 நிலநடுக்கத்தில் பலவீனமான கல்லறைக் கூடத்தைப் பழுதுபார்க்க ஒருமித்த சம்மதம் கிடைக்கவில்லை. 1947இல் ஆங்கிலேயர் இரும்புச் சட்டங்களால் முட்டுக் கொடுத்தார்கள். அந்த முட்டுடனேயே அது எழுபது ஆண்டுகள் நின்றது. 2016இல்தான் கிரேக்க, அர்மீனிய, கத்தோலிக்கத் தரப்புகள் சேர்ந்து பணியைத் தொடங்கி 2017இல் முடித்தன. 2008இல் அதே தேவாலயத்துக்குள் துறவிகளே கைகலந்ததையும் உலகம் பார்த்தது.

இருந்தாலும் என் முடிவு இதுதான்: உடன்பாடு வரும்வரை இருக்கிற நிலையே தொடரட்டும். அது நீதி என்று நான் சொல்ல மாட்டேன். இடிந்த கட்டடத்தை மறுபடி எழுப்பலாம்; செத்தவர்களை எழுப்ப முடியாது.

1991ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

வழிபாட்டிடங்கள் (சிறப்பு விதிகள்) சட்டம், 1991. ஒரு வழிபாட்டிடம் 1947 ஆகஸ்ட் 15 அன்று எந்த மதத் தன்மையுடன் இருந்ததோ, அதே தன்மையுடன் தொடர வேண்டும். அதை வேறு மதத்துக்குரியதாக, ஏன், அதே மதத்தின் வேறு பிரிவுக்குரியதாகக்கூட, மாற்றக் கூடாது. மீறினால் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை. அயோத்தி வழக்கும், பழங்கால நினைவுச் சின்னங்களுக்கான சட்டத்தின் கீழ் வரும் இடங்களும் இதற்கு விலக்கு.

1947 ஆகஸ்ட் 15 அன்று அந்த இடத்தின் தன்மை என்ன என்று கண்டறிய வழக்குத் தொடுக்கலாமா என்ற கேள்வியில்தான் இப்போது சிக்கல். சட்டமே செல்லுமா என்ற வழக்கும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதில் 2024 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், இத்தகைய புதிய வழக்குகளைப் பதிவு செய்ய வேண்டாம் என்றும், நிலுவையில் உள்ளவற்றில் ஆய்வு உள்ளிட்ட முக்கிய உத்தரவுகளைப் பிறப்பிக்க வேண்டாம் என்றும் கீழ் நீதிமன்றங்களுக்கு இடைக்கால உத்தரவிட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் உத்தரப் பிரதேசத்தின் சம்பலில் ஒரு மசூதியை ஆய்வு செய்ய, வழக்குத் தாக்கலான அன்றே, மறுதரப்பைக் கேட்காமலே உத்தரவானது. முதல் ஆய்வும் அன்றே நடந்தது. நவம்பர் 24 அன்று இரண்டாவது ஆய்வின்போது வெடித்த வன்முறையில் நான்கு பேராவது உயிரிழந்தார்கள். ஆய்வுக்கு ஒரு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்திருந்தால், இரு தரப்புப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசியிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடாதா?

ஓரளவு தெரியும். அயோத்தியில் தொல்லியல் துறை 2003இல் தோண்டியது. மசூதிக்கு அடியில் பழைய கட்டடம் ஒன்று இருந்தது, அது இஸ்லாமியக் கட்டடம் அன்று என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அந்தக் கட்டடம் மசூதிக்காக இடிக்கப்பட்டதா என்பதற்கு ஆய்வில் விடையில்லை என்றும், தொல்லியல் முடிவை மட்டும் வைத்து நில உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. தோண்டத் தொடங்கினால் எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதிலும் ஊர் ஒன்றுபடப் போவதில்லை.

இடத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால் என்ன?

2010 செப்டம்பர் 30 அன்று அயோத்தி வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அப்படித்தான் செய்தது: வழக்கில் இருந்த மூன்று தரப்புக்கும் மூன்று பங்கு. யாரும் கேட்காத பங்கீடு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2011இல் அதை நிறுத்திவைத்தது. மேற்குக் கரையின் ஹெப்ரான் நகரில் ஆபிரகாமின் கல்லறை வளாகத்தை யூதருக்கும் முஸ்லிமுக்கும் பிரித்திருக்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து நாள் முழு வளாகமும் ஒரு தரப்புக்கு, வேறு பத்து நாள் மறு தரப்புக்கு. அந்த ஏற்பாடு 1994இல் ஒரு யூதத் தீவிரவாதி தொழுகையில் இருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு வந்தது. துப்பாக்கி ஏந்திய காவலில் அது நடக்கிறது. பங்கீடு இரு தரப்பும் கேட்டு வந்தால் நிலைக்கும். மேலிருந்து இறங்கினால் காவல் இருக்கும்வரை நிலைக்கும்.

சமரசப் பேச்சில் யார் உட்கார வேண்டும்? அது எப்போது பலிக்கும்?

2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அயோத்தி வழக்கைச் சமரசக் குழுவுக்கு அனுப்பியது. ஓய்வுபெற்ற நீதிபதி கலிஃபுல்லா, ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர், சமரசத் துறையில் நெடிய அனுபவம் உள்ள சென்னை வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு ஆகிய மூவர். பேச்சு ஃபைசாபாத்தில், ஊடகத்துக்குக் கதவடைத்து நடந்தது. ஆகஸ்டில் அது முடிவு எட்டாமல் நின்றது. ஆகஸ்ட் 6 முதல் 40 நாள் விசாரணை நடந்தது. விசாரணை முடியும் நேரத்தில் வந்த ஓர் உடன்படிக்கையிலும் எல்லாத் தரப்பும் கையெழுத்திடவில்லை, அதனால் அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

அதில் நான் கற்றுக்கொண்டது இதுதான். கையெழுத்திட வருகிறவருக்குப் பின்னால் உண்மையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பத்து அமைப்புகள் உரிமை கோரும் இடத்தில் ஒரு அமைப்பின் தலைவர் மட்டும் சம்மதித்தால், மறுநாளே அவரைத் துரோகி என்பார்கள். கதவடைத்துப் பேசியது சரியான முடிவு. கேமரா முன்னால் எந்தத் தலைவரும் ஒரு படி இறங்க மாட்டார்.

ஊர் அளவில் பேச வேண்டியவர்கள் கோயில் அறங்காவலரும் ஜமாத் தலைவரும் மட்டும் அல்லர். பூசாரி, இமாம், கடைத்தெரு வியாபாரிகள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பள்ளித் தலைமையாசிரியர் எல்லாரும் வேண்டும். பெண்களைக் கட்டாயம் அழையுங்கள். கலவர நாளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்று யோசிக்கிறவர்கள் அவர்கள்தான். அந்த யோசனை மேசைக்கு வந்தால் பேச்சின் தொனியே மாறும்.

அமைதிக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டால் எங்கள் உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடுமே?

இந்தப் பயத்தால் எத்தனையோ நல்ல ஏற்பாடுகள் பேச்சோடு நின்றுபோகின்றன. தீர்வு ஒரே வரியில் இருக்கிறது. 'இந்த ஏற்பாட்டினால் எந்தத் தரப்பின் சட்டப்படியான உரிமையும் கோரிக்கையும் பாதிக்கப்படாது. இதை எந்த நீதிமன்றத்திலும் ஒப்புதலாகக் காட்டக் கூடாது' என்ற பொருளில் ஒரு பத்தியை முதலிலேயே எழுதுங்கள், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

பிறகு சின்னச் சின்ன விஷயங்களை எழுதுங்கள். சின்னது என்று நினைத்து விட்டவைதான் பின்னால் பெரிதாகின்றன. காலையில் கதவை யார் திறப்பது, சாவி யாரிடம், மாற்றுச் சாவி இருக்கிறதா, மின் கட்டணம் யார் பெயரில், ஓடு உடைந்தால் யார் மாற்றுவது, வெள்ளையடிக்க யார் அனுமதி வேண்டும், ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும், ஊர்வலம் எந்தத் தெருவில் திரும்பும், எந்த இடத்தில் மேளம் நிற்கும், எங்கிருந்து மீண்டும் தொடங்கும் என்பது வரை.

இரு விழாக்கள் ஒரே நாளில் வரும் ஆண்டுகளை முன்கூட்டியே குறித்துவையுங்கள். இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. அதனால் அந்த விழாக்கள் ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்து சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகின்றன. எந்த ஆண்டில் எது எதோடு மோதும் என்று இப்போதே கணக்குப் போட முடியும். பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், அதற்கும் இடம் விட்டு எழுதுங்கள்.

ஏதோ நடந்துவிட்டது என்று வதந்தி பரவுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

அந்த ஒரு மணி நேரத்துக்கான வேலையை ஆறு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு தரப்பிலும் மூன்று நான்கு பேர், ஒருவர் எண் மற்றவரிடம், இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுக்கிறவர்கள். இது இல்லாத ஊரில் நான் கீழே சொல்கிற எதுவும் நடக்காது.

வதந்தி வந்ததும் இரு தரப்பிலிருந்தும் ஒருவர், சேர்ந்து, அந்த இடத்துக்குப் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் போனால் இரண்டு கதைகள் வரும். உண்மையில் ஏதாவது சேதம் நடந்திருந்தால், போலீஸ் வந்து பதிவு செய்யும்வரை யாரும் தொடாமல் மறைத்துவையுங்கள். பதிவு முடிந்ததும் அன்றே சேர்ந்து நின்று சரிசெய்யுங்கள். உடைந்த சிலையும் கரிந்த பக்கமும் மாலை வரை பார்வையில் கிடந்தால், மாலையில் கூட்டம் கூடும். பிறகு அந்த இருவரும் ஒரே செய்தியை, ஒரே சொற்களில், கோயில் ஒலிபெருக்கியிலும் மசூதி ஒலிபெருக்கியிலும் சொல்லட்டும். 'ஒன்றும் நடக்கவில்லை' என்று பொய் சொல்லாதீர்கள். நடந்தது இவ்வளவு, புகார் கொடுத்தாயிற்று, விசாரணை நடக்கிறது என்று சொல்லுங்கள். மறைத்தது தெரிந்துவிட்டால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

கைப்பேசியில் வரும் காட்சியை யாருக்கும் அனுப்பாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். போலீசாருக்கு மூலப் பதிவு தேவைப்படும். வேறு ஊரில், வேறு ஆண்டில் எடுத்த காட்சி உங்கள் ஊர்ப் பெயரோடு சுற்றுவது மிகச் சாதாரணம். பின்னணியில் தெரியும் கடைப் பலகையைப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும்.

யாராவது இறந்துவிட்டால், இறுதி ஊர்வலம்தான் மிக ஆபத்தான நேரம். அதன் பாதையும் நேரமும் குடும்பத்தாரின் சம்மதத்துடன் முடிவாக வேண்டும். மறு தரப்புப் பெரியவர்கள் துக்க வீட்டுக்குப் போக முடிந்தால், போங்கள்.

அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும்?

உடனே செய்ய வேண்டும். 1949இல் சிலைகள் வைக்கப்பட்ட செய்தி கேட்டுப் பிரதமர் நேரு டிசம்பர் 26 அன்று மாகாண முதல்வர் கோவிந்த் வல்லப் பந்த்துக்குத் தந்தி அனுப்பினார், அங்கே ஆபத்தான முன்னுதாரணம் உருவாகிறது என்று எச்சரித்தார். சிலைகளை அகற்றச் சொன்ன உத்தரவை மாவட்ட ஆட்சியர் கே. கே. நாயர் நிறைவேற்ற மறுத்தார். அன்று எடுக்காத முடிவு எழுபது ஆண்டு வழக்காக நீண்டது.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 144) கூட்டத்துக்குத் தடை விதிக்கலாம், 164இல் (பழைய 145) நில அனுபவத் தகராறில் தலையிடலாம். தடை உத்தரவு ஒரு தரப்பின் ஊர்வலத்தை மட்டும் நிறுத்தினால், அந்த உத்தரவே புண்ணாகிவிடும்.

என் தரப்பினரே தவறு செய்தால்?

உங்கள் தரப்புக்குள்ளேயே சொல்லுங்கள், முதலில் சொல்லுங்கள். எதிர்த் தரப்பார் கண்டித்தால் அது பகையாகத் தெரியும். நீங்கள் கண்டித்தால் கேட்பார்கள், குறைந்தது சிலராவது. வெளியூரிலிருந்து வந்து மேடையேறிப் பேசிவிட்டு இரவோடு வண்டி ஏறுகிறவர்களையும் கவனியுங்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இவர்களைப் பார்த்துச் சொன்னதுபோலவே இருக்கிறது.

வென்ற தரப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

அமைதியாக. 2019 நவம்பர் 9 தீர்ப்புக்கு முன்பே இரு சமயத் தலைவர்களும் கூடிப் பேசி, வெற்றி ஊர்வலம் வேண்டாம், துக்கப் பேரணியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நாடு அஞ்சிய கலவரம் வரவில்லை. நீதிமன்றமும் அரசியலமைப்பின் 142ஆம் உறுப்பைப் பயன்படுத்தி, மசூதி கட்ட ஐந்து ஏக்கர் மாற்று நிலம் தரச் சொன்னது. முஸ்லிம்களுக்கு இழைக்கப்பட்ட தவறு ஈடு செய்யப்பட வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். தோற்றவர் மனம் அதனால் ஆறியது என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். அன்று அவர்கள் காத்த பொறுமைக்கு நாடு இன்னும் உரிய நன்றி சொல்லவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பட்டாசும் இனிப்பும் வேண்டவே வேண்டாம். 'அடுத்தது எது' என்ற கோஷம் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வழக்கு நடக்கும்போது எதிர்த் தரப்பினரோடு பழகலாமா?

தாராளமாக. அயோத்தி வழக்கில் மசூதித் தரப்பில் ஹாஷிம் அன்சாரியும் கோயில் தரப்பில் மகந்த் ராமச்சந்திர தாஸ் பரமஹம்சரும் பல ஆண்டுகள் எதிரெதிரே நின்றார்கள். நீதிமன்றத்துக்கு இருவரும் ஒரே வண்டியில் போய் வருவார்கள் என்பது அந்த ஊரே அறிந்த செய்தி. வழக்கில் எதிரெதிரே நின்றபோதும் இருவரும் நட்பை விடவில்லை. பரமஹம்சர் 2003இல் மறைந்தார், அன்சாரி 2016இல். இறுதித் தீர்ப்பை இருவருமே பார்க்கவில்லை.

வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம் என்று உங்கள் வக்கீல் சொல்லியிருந்தால், அதை மட்டும் பேசாதீர்கள். கல்யாணத்துக்கு அழையுங்கள், இழவுக்குப் போங்கள், கடையில் பார்த்தால் நலம் விசாரியுங்கள்.